மாற்று டியூபில் இருந்த ஓட்டை

அது ஒருமுறைகூடப் பயன்படுத்தாத டியூப். வாங்கிய நாளிலேயே சுருட்டி, கரடுமுரடான தடங்களில் நான் ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பின் மட்கார்டின் மேல் கட்டியிருந்த கருவிப் பையில் வைத்துவிட்டேன். பதினான்கு மாதங்கள் கழித்து, ஒரு பாறைச் சரிவின் நடுவில்தான் அதை முதன்முறையாக வெளியே எடுத்தேன்.

கூரான கல்லில் பின் சக்கரம் இடித்ததில், ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பின் பல் பட்டதைப் போல அருகருகே இரண்டு கீறல்கள் விழுந்திருந்தன. சக்கரத்தைக் கழற்றினேன். டயரின் ஓரத்தை மிதித்து ரிம்மிலிருந்து பிரித்து, பழைய டியூபை உருவி, புதியதைப் போட்டு, லீவரால் டயரை மறுபடி ஏற்றி முடிக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. பிறகு கைப்பம்பை எடுத்து அடிக்கத் தொடங்கினேன். இருநூறு முறை அடித்தேன், முந்நூறு முறை அடித்தேன். டயர் நிமிரவே இல்லை. காதைப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய சீறல் கேட்டது.

லீவர்தான் டியூபைக் கடித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. லீவர் கடித்தால் வெட்டுக்காயம் போல இருக்கும். இதுவோ தேய்ந்த இடம். நாணய அளவுக்கு ரப்பர் மெலிந்து பளபளத்து, அதன் நடுவில் கடுகளவு ஓட்டை. பைக்குள் அந்த இடத்தை ஒட்டித்தான் 13 மி.மீ. ஸ்பேனரின் வாய் பதினான்கு மாதங்களாக இருந்திருக்கிறது.

என்னுடன் வந்த மூத்த நண்பர் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் பையைத் திறந்து 21 அங்குல டியூபை எடுத்து நீட்டினார். முன் சக்கரத்துக்கானது அது. என் பின் சக்கரமோ 18 அங்குலம். "இது இதில் சேருமா, அண்ணா?" என்றேன். "அவசரத்துக்குச் சேரும். மடிப்பு விழாமல் பொறுமையாகப் பரப்பிவிடு. திரும்பிப் போகும்போது மெதுவாகப் போ, தம்பி" என்றார். சேர்ந்தது. அன்று வீடு திரும்பியது அந்தப் பொருந்தாத டியூபின் மேல்தான். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் முன் சக்கரத்து டியூபை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று கற்றேன். பின் சக்கரத்துத் தடித்த டியூபை முன்னால் திணிப்பது எளிதல்ல. முன் சக்கரத்து டியூப் பின்னாலும் கைகொடுக்கும்.

ஆனால் அன்று இரவு என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஓட்டைதான். நான் சுமந்து செல்லும் பொருள்களை அதுவரை ஓய்வில் இருப்பவையாகவே நினைத்திருந்தேன். தேவைப்படும் நாள் வரை அவை பைக்குள் அப்படியே கிடக்கும் என்ற நினைப்பு. உண்மையில் வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அவையும் ஓடுகின்றன. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால் நொடிக்கு 100 சுற்று. ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியில் ஓர் அதிர்வு. பாறையும் பள்ளமும் தருகிற குலுக்கல் இதற்கு மேல். இத்தனை அதிர்வுகளிலும் எஃகு ரப்பரை உரசிக்கொண்டே இருந்தால் யார் ஜெயிப்பார்கள்?

அதன் பிறகு நான் பை கட்டும் முறையே மாறிவிட்டது.

டியூபின் வால்வு ஊசியைக் கழற்றி, காற்று துளியும் இல்லாமல் உருட்டி வெளியேற்றி, ஊசியை மறுபடி முறுக்குகிறேன். காற்று கொஞ்சம் தங்கினாலும் உருளை உப்பிக்கொண்டு, இருக்கும் இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும். வால்வின் நட்டைக் கழற்றித் தனியாக வைத்து, திருகுமரை மேல் மூடியைப் போட்டு, துணி சுற்றுகிறேன். ஏனென்றால் அந்தத் திருகுமரையே சிறிய அரம் போன்றது; டியூபைத் தேய்க்க ஸ்பேனர் வேண்டுமென்பதில்லை, அதன் சொந்த வால்வே போதும். டால்கம் பவுடர் தூவி, பழைய பருத்திக் காலுறைக்குள் நுழைத்து, அதையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுகிறேன். அந்த உருளையுடன் எஃகுப் பொருள் எதுவும் ஒரே பையில் இருக்கக் கூடாது. இதில் இப்போது நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஸ்பேனர்களுக்கும் இதே கவனம் உண்டு. கிழிந்த டியூபை நீள நீளமாக வெட்டி, அந்த ரப்பர் பட்டையில் ஒவ்வொன்றையும் சுற்றி, அதே டியூபிலிருந்து வளையமாக வெட்டிய ரப்பர் பேண்டால் கட்டுகிறேன். பிறகு எல்லாவற்றையும் துணிச்சுருளில் அடுக்கி, கையால் குலுக்கினால் ஓசை வராத அளவுக்கு இறுக்குகிறேன். ஓசை வந்தால் எங்கோ ஒன்று இன்னொன்றைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். சுருளை விரிக்கும்போது துணியில் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் அது அழுக்கு அல்ல. அலுமினிய லீவர் எஃகோடு உரசிக் கரைந்த தூள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மனம் வலித்தது.

ஸ்பார்க் பிளக்கை அட்டைப் பெட்டியோடு போடுபவர்கள் இருக்கிறார்கள். நனைந்தால் அட்டை கூழாகிவிடும். பிளக்கின் முனை எதிலாவது இடித்து இடைவெளி மூடிக்கொள்ளும். கடினமான பிளாஸ்டிக் குழலில்தான் அது இருக்க வேண்டும். பஞ்சர் பசையை ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்த பயணத்துக்குள் உலர்ந்து போகக்கூடும். அதனால் பெரிய குழாய் ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு வைத்திருக்கிறேன், திறக்காமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பையையும் தரையில் கொட்டிப் பார்க்கிறேன்.

இனி, எதை எங்கே வைப்பது என்பது. இதை நான் உடம்பில் பட்டுத்தான் கற்றேன்.

தொடக்கத்தில் எல்லாமே முதுகுப்பைதான். ஸ்பேனர்கள், சாக்கெட்டைச் சுழற்றும் ராட்செட் கைப்பிடி, லீவர்கள், பம்பு, தண்ணீர் எல்லாம் அதற்குள். வண்டியில் எதையும் கட்ட வேண்டியதில்லை, இறங்கினால் எல்லாம் கையோடு வரும் என்ற வசதி. ஒருநாள் ஈரப் பாறையில் முன் சக்கரம் வழுக்க, பக்கவாட்டில் மல்லாந்து விழுந்தேன். பெரிய வேகம்கூட இல்லை; நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ராட்செட்டின் கைப்பிடி முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி என் உடம்புக்கும் பாறைக்கும் நடுவே அகப்பட்டது. மூச்சு வரவில்லை. மூன்று வாரங்கள் குனிந்து காலணி மாட்ட முடியவில்லை. அந்த இரண்டு விரல் இடைவெளி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து என் முதுகில் இரும்பு ஏறுவதில்லை.

முதுகில் இப்போது இருப்பது தண்ணீர்ப் பையும், மடித்த மழைச்சட்டையும், உலர்ந்த கையுறையும் மட்டுமே. விழுந்தால் நசுங்கக்கூடியவை, என்னைக் குத்தாதவை. முதுகுச் சுமை குறைந்ததும் இன்னொன்றும் புரிந்தது. கரடுமுரடான தடத்தில் நாம் பெரும்பாலும் கால்மிதியில் நின்றுதான் ஓட்டுகிறோம். தோளில் நான்கு கிலோ தொங்கினால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது உடம்பை முன்னும் பின்னும் தள்ளும். அதைச் சமாளிக்கக் கைகள் ஹேண்டில் பாரை இறுகப் பிடிக்கும். முன்கை கல்லாக இறுகிப்போய், விரல்கள் கிளட்சை இழுக்க மறுக்கும். கை வலிக்கு ஹேண்டில் பாரின் உயரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் முதுகில் இருந்தது.

இடுப்புப்பையை விரும்புவோர் பலர். போட்டி ஓட்டுநர்கள் பலரும் அதைத்தான் கட்டுகிறார்கள்; எடை இடுப்போடு நிற்பதால் தோள் களைப்பதில்லை என்பது சரிதான். எனக்கு அதிலும் இரும்பை வைக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் சில பொருள்கள் எப்போதும் உடம்பில்தான் இருக்க வேண்டும்: கைப்பேசி, ஊதல், காயத்துக்குக் கட்டும் துணி, ஒரு சிறிய கத்தி. வண்டி சரிவில் உருண்டு ஐம்பது அடி கீழே போய்விட்டால், கால் அடிபட்ட நிலையில் நீங்கள் அதனிடம் போக முடியாது. வண்டிக்குத் தேவையானது வண்டியில், உயிருக்குத் தேவையானது உடம்பில்.

வண்டியில் எங்கே? எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் பின் மட்கார்டு. தட்டையான இடம், பை கட்ட வாகானது. ஆனால் அதுதான் வண்டியிலேயே அதிகம் துள்ளுகிற இடமும். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்கும் எடை, ஒவ்வொரு குதிப்பிலும் சாட்டை வீசுவதைப் போல மட்கார்டை உலுக்குகிறது. என் மட்கார்டு போல்ட் துளைகளை ஒட்டி விரிசல் விட்டது. அப்படியே விட்டிருந்தால், இருக்கையைத் தாங்கும் பின்சட்டமான சப்ஃபிரேமும் வளைந்திருக்கும். ஒரு பக்கம் சைலன்சரின் வெப்பம் வேறு. பை கொஞ்சம் சரிந்தாலும் போதும், நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு கண்ணியும் அங்கே உண்டு. பையைப் போல்ட் வைத்துப் பொருத்தும்போது நட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுமுனையும் கீழ்ப்பக்கம் வந்தால், சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும் நொடியில் டயர் மேலே வந்து அதில் தேயும். தட்டையான தலை கீழேயும் நட்டு மேலேயும் இருக்க வேண்டும். கடைசிப் பயணத்துக்குப் பின் ஒரு நண்பரின் டயரில் வட்டமாக ஓடிய கோடு ஒன்றைக் காட்டி இதை விளக்கினேன். அவர் அதுவரை அதை ஏதோ கல் கீறியது என்றே நினைத்திருந்தார்.

எடை எவ்வளவு கீழே, எவ்வளவு நடுவே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. என் லீவர்களும் பெரிய ஸ்பேனரும் இப்போது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத்தகட்டின் முன்புறம், பிளாஸ்டிக் குழாயில் செய்த சிறு பேழைக்குள் இருக்கின்றன. தடித்த குழாய்த் துண்டு, ஒரு முனையில் நிலையான மூடி, மறு முனையில் திருகும் மூடி, இரண்டு உலோகப் பட்டைகள், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கக் கூடாது. பிரேக் பெடலைக் கடைசி வரை மிதித்துப் பார்த்து, முன் ஃபோர்க்கை முழுதாக அமுக்கிச் சக்கரம் தொடவில்லை என்று உறுதி செய்தபிறகே பட்டைகளை இறுக்கினேன். சேறு மூடியின் திருகில் புகுந்து இறுகிவிடும் என்பதால் ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் அதைத் திறந்து கிரீஸ் தடவுகிறேன். பேழையைப் பொருத்திய பிறகு ஓட்டிய முதல் நாள், வண்டியே இளைத்துவிட்டதைப் போல இருந்தது. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இடம் மாறியது, அவ்வளவே.

முன் மட்கார்டின் மேல் டியூப் மட்டும். அதுவும் ஹேண்டிலைத் திருப்பும்போது சேர்ந்து திரும்பும் இடம் என்பதால், அங்கே கனம் கூடினால் கை உடனே உணரும். வார்களின் நுனியை மடித்து டேப் ஒட்டிவிடுகிறேன். தளர்ந்து தொங்கும் ஒரு வார் பின்னால் போய்ச் செயினில் மாட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எதைக் கட்டினாலும் புறப்பட்ட கால் மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். துணியும் வாரும் குலுங்கி இடம் பிடித்துக்கொண்ட பின்தான் உண்மையான தளர்வு தெரியும்.

எதை எடுத்துச் செல்வது என்ற கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். அதற்குப் பதில் உங்கள் வண்டியிடம்தான் இருக்கிறது. நான் ஆறு மாதங்கள் ஒரு சோதனை செய்தேன். வீட்டில் இருக்கும் பெரிய கருவிப் பெட்டியைப் பூட்டிவிட்டு, எண்ணெய் மாற்றுவது, செயின் இறுக்குவது, டயர் மாற்றுவது என எல்லா வேலைகளையும் பயணப் பையில் இருக்கும் கருவிகளை மட்டுமே வைத்துச் செய்தேன். இரண்டாவது வாரமே பாடம் கிடைத்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் சாக்கெட் இருந்தது. ஆனால் டேங்குக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் பிளக்கை எட்டும் நீட்டிப்புத் தண்டு இல்லை. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிளக்கைக் கழற்றாமல் அதை வெளியேற்ற முடியாது. அப்படியொரு நாளில் அந்த சாக்கெட் வெறும் பாரம்தான். மறுபக்கம், பெருமையாக வைத்திருந்த ஒரு குறடும் நான்கு ஸ்பேனர்களும் ஆறு மாதத்தில் ஒருமுறைகூட விரலில் படவில்லை. தொடங்கும்போது பை 4 கிலோ 300 கிராம். முடியும்போது 2 கிலோ 900.

மிஞ்சியவற்றில் 8, 10, 13 மி.மீ. அளவுகள்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. அச்சு நட்டுக்கான பெரிய அளவு லீவரின் மறுமுனையிலேயே வளையமாக அமைந்த வகையை வாங்கினேன். ஒரே இரும்பு இரண்டு வேலை செய்கிறது. கைப்பம்பு இருக்கிறது. அதோடு, டயரில் நிரப்ப 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் மூன்று. பின் டயரை ரிம்மில் பதிய வைக்கக் குறைந்தது இரண்டு வேண்டும். குப்பி திறந்ததும் உறைபனி போலக் குளிரும் என்பதால் கையுறையைக் கழற்றக் கூடாது. அந்த வாயு ரப்பரின் வழியே காற்றைவிட விரைவாகக் கசிந்துவிடும். வீடு வந்ததும் அதை வெளியேற்றிச் சாதாரணக் காற்றை அடித்துவிடுகிறேன்.

டேப்பைச் சுருளாகக் கொண்டுபோக வேண்டாம், பம்பின் உடலில் இரண்டு மீட்டர் சுற்றிவிட்டால் போதும். கேபிள் டை பத்து, மெல்லிய இரும்புக் கம்பி ஒரு முழம், செயினுக்கு இணைப்புக் கண்ணி இரண்டு. பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் எபாக்சி பசை ஒரு துண்டும் இருக்கிறது. எஞ்சின் மூடியைக் கல் துளைத்துவிட்டால், பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை முற்றிலும் துடைத்த பின்பே அதை ஒட்ட வேண்டும். பிசுக்கின் மேல் அது பிடிக்காது.

மாற்றுப் பொருளுக்கு மிகச் சிறந்த இடம் பையே அல்ல, அது மாற்றப்போகும் பொருளின் பக்கத்து இடம்தான். இந்த யோசனை மிகப் பழையது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கி, 1981இல் எண்டியூரோ (கரடுமுரடான தடத்தில் நெடுந்தூரம் ஓட்டும் போட்டி) என்ற சொல்லைத் தன் பெயரில் ஏற்ற பன்னாட்டு ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில், ஓட்டுநர் தன் வண்டியைத் தானே பழுது பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளையும் ஓடவிட்டு டேப்பால் ஒட்டியிருப்பார்கள். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானும் என் வண்டிச் சட்டகத்தில் பயன்படாமல் இருந்த திருகுத் துளைகளில் 6 மி.மீ. போல்ட்கள் நான்கை முறுக்கி வைத்திருக்கிறேன். எதையும் உரசாமல், எங்கும் தொலையாமல் அங்கேயே இருக்கின்றன. கிளட்ச் லீவருக்கு மாற்று எடுத்துச் செல்கிறேன் என்றாலும், ஹேண்டிலில் லீவரைப் பொருத்தும் கவ்வியைச் சற்றே தளர்வாக வைத்திருப்பது அதைவிடப் பயன் தருகிறது. விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும்.

கூட்டமாகப் போகும்போது கருவிகளைப் பங்கிட்டுக்கொள்வது நல்லதுதான். ஆனால் பம்பு வைத்திருப்பவர் முன்னால் போய்விட்டு, பஞ்சர் ஆனவர் பின்னால் நிற்கும் நாள் கட்டாயம் வரும். அதனால் பம்பு, பிளக், லீவர் ஆகியவை ஆளுக்கு ஒன்று. இழுவைப் பட்டை மட்டும் இரண்டு பேருக்கு ஒன்று போதும். இழுக்கப்படும் வண்டியின் கால்மிதியில் அதை முடிச்சுப் போடக் கூடாது. ஒரு சுற்றுச் சுற்றி நுனியைப் பாதத்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தடுமாறினால் காலைத் தூக்கியதும் விடுபட்டுவிடும்.

அந்த 21 அங்குல டியூபுக்கு ஈடாக மூத்த நண்பருக்குப் புதியது ஒன்று வாங்கினேன். வால்வுக்குத் துணி சுற்றி, பவுடர் தூவி, காலுறைக்குள் போட்டு, அழகாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, அங்கேயே கட்டைப் பிரித்தார். பம்பை எடுத்து டியூபில் காற்றடித்தார். ஒரு வாளித் தண்ணீரில் அதைச் சுற்றிச் சுற்றி அமுக்கி, குமிழி வருகிறதா என்று முழு வட்டமும் பார்த்தார். பிறகு துடைத்து, காற்றை உருட்டி வெளியேற்றி, நான் கட்டியிருந்த அதே முறையில் கட்டித் தன் பையில் வைத்தார்.